பேச்சுக்கு முதல் வரிசை

லிஃப்ட் கதவு திறந்ததும் யார் முதலில் நுழைவது என்பதை அவர்தான் சொல்கிறார். "சக்கர நாற்காலி போகட்டும். துணி மூட்டை அப்புறம். சார், உங்க கையில வெறும் காபிதானே? படி ஏறுங்க." காபியோடு படியேறியவன் நான். இந்த மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் எனக்கு வேலை. பக்கத்து அறை அவருடையது. லிஃப்டுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் வரிசையைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. எல்லோருக்கும் அவர் 'க்யூ அக்கா'.

பிழைப்பே அதுதான். தொலைபேசிப் பேச்சு, வீடியோ, நோயாளிகளின் இதயத்துடிப்புக் கணக்கு, ஸ்கேன் படம், கடிதம் என இங்கிருந்து வெளியே போவதெல்லாம் அவர் அறையிலுள்ள ரூட்டர் என்கிற ஒரே இணையப் பெட்டி வழியாகத்தான் போகவேண்டும். நெரிசல் வந்தால் எது முன்னே, எது பின்னே? போகிற சரக்கு பதினோரு வகை. பெட்டிக்குள் இருப்பதோ நான்கே வரிசை. ஐந்தாவது கேட்டால், "செய்யும்போதே நாலுதான் வெச்சிருக்கான். நான் என்ன, சுத்தியலால தட்டியா உண்டாக்குவேன்?" என்பார்.

சுவரில் நான்கு கயிறு கட்டி, பதினோரு சீட்டுகளைத் துணிக் கிளிப்பில் மாட்டியிருக்கிறார். எந்தத் துறைத் தலைவர் வந்தாலும் தன் சீட்டை மேல் கயிற்றில் மாட்டத்தான் சொல்வார். "எல்லாருமே அவசரம்னா, அவசரத்துக்கு என்ன சார் மரியாதை?" என்பார் அக்கா.

மேல் கயிறு பேச்சுக்கு. "ஸ்கேன் படம் ரெண்டு நிமிஷம் கழிச்சு வந்தா ஒண்ணும் ஆகாது. பேச்சு பாதியில அறுந்தா மனுஷனால தாங்க முடியாது." வீடியோ மூன்றாவது கயிற்றில். ஆனால் 'ஊழியர் சொந்த அழைப்பு' மட்டும் படத்தோடு சேர்ந்தே மேல் கயிற்றில் தொங்கியது. அதில் அக்காவின் சுயநலம் கொஞ்சம் உண்டு. வெளிநாட்டிலிருக்கும் மகள் தினமும் மதியம் ஒரு மணிக்கு முகம் காட்டுவாள்.

போன வாரம் தொற்றுப் பிரிவு நர்ஸ் மூச்சிரைக்க வந்தாள். தனியறையில் காது கேளாத தச்சர் ஒருவர்; மறுநாள் அறுவை சிகிச்சை. பார்க்க யாரும் வரக்கூடாது. "அவரு கையாலதான் பேசுவாரு அக்கா. படம் நின்னு நின்னு போகுது. வீட்டுக்காரம்மா என்ன சொல்றாங்கன்னே புரியல. அவங்ககிட்ட கேக்காம ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு."

நர்ஸ் நீட்டிய டேப்லெட்டில் அந்த அம்மாளின் இரண்டு கைகளும் அந்தரத்தில் அப்படியே நின்றிருந்தன. அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே, இது பேச்சாச்சே! நான் வீடியோன்னுல்ல போட்டுவெச்சிருக்கேன்!"

'கைப்பேச்சு' என்று புதுச் சீட்டு எழுதி மேல் கயிற்றில் மாட்டினார். ஆனால் மேல் வரிசை நிரம்பி வழிந்தால் கீழே இதயத்துடிப்புக் கணக்கு தேங்கிவிடும். ஒன்றை இறக்கியே ஆகவேண்டும். அங்கே தொங்கிய நிர்வாகத்தின் சீட்டில்தான் கைவைக்கப் போகிறார் என்று ஆவலோடு பார்த்தேன். அவர் கழற்றியது 'ஊழியர் சொந்த அழைப்பை'. மேலிருந்து நேராக நான்காவது கயிற்றுக்கு.

"மக கூப்பிடுவாளே அக்கா?"

"அவ நல்லாத்தானே இருக்கா. கொஞ்சம் காத்திருக்கட்டும்." பத்து நிமிடம் விசைப்பலகையைத் தட்டினார். டேப்லெட்டில் அந்தக் கைகள் சரளமாக அசையத் தொடங்கின. ஒரு மணி நேரம் கைகளாலேயே சண்டை போட்டுச் சமாதானமாகி, தச்சர் கையெழுத்துப் போட்டாராம். இப்போது எழுந்து நடக்கிறார். எனக்கு ஏனோ அன்று முழுக்கச் சந்தோஷம்.

இன்று மதியம் ஒரு மணி. அக்காவின் திரையில் மகளின் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்து நின்றது. முன்பானால் கையைப் படபடவென்று ஆட்டியிருப்பார். இப்போது உள்ளங்கையை விரித்து உயர்த்தினார். அந்தப் படம் மகளிடம் போய்ச் சேரும்வரை, கையை அசைக்காமல் அப்படியே பிடித்திருந்தார்.