ரைட்டக்கா கொடுக்காத ரைட்

ரைட்டக்கா என்ற பெயர் பயணிகள் வைத்தது. இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவள். பக்கத் தகரத்தில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் கிளம்பு. இரண்டு தட்டித் தொண்டை கிழிய "ரைட்" என்று அவள் சொன்னால்தான் அந்தப் பஸ் நகரும். அதை ஓட்டியவர் வேறு யாருமில்லை, அவள் புருஷனேதான். வேலையிலும் அவர் முகம், வீட்டிலும் அவர் முகம். இது போதாதென்று, இரண்டு பேரும் ஓய்வு பெற்ற மறுமாதமே அவர் ஒரு வீட்டு வண்டியை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார்.

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாமே சக்கரத்தின் மேல். "ஆற அமர மலைப்பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றார். ஆற அமரவாம்! முதல் நாளே கண்ணாடிக்குப் பக்கத்தில் கால அட்டவணை ஒட்டியாகிவிட்டது. அருவிக்கு இருபது நிமிஷம், ஏரிக்கு நாற்பது, சாப்பாட்டுக்கு முப்பது. உள்ளே ஆறு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். கழிப்பறைக் கதவைத் திறக்க அடுப்படி இழுப்பறையை மூட வேண்டும். படுத்தால் மூக்குக்கு மேல் ஒரு முழத்தில் கூரை. பதினோரு நாளாக அவளுக்கு மூச்சு முட்டியது.

டீ விஷயத்தையும் சொல்ல வேண்டும். பஸ் காலத்திலிருந்தே அவள் ஒரு டம்ளர் டீயை முழுசாகக் குடித்ததில்லை. பாதியிலேயே ஹாரன் அடித்துவிடுவார். அப்போதாவது பயணிகள் காத்திருந்தார்கள். இப்போது ஏறுவதற்கு ஈ காக்கை இல்லை, ஆனாலும் அடித்தார். அவளும் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு ஓடி வந்து ஏறி, அலமாரிக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினாள். தட்டினால்தான் வண்டியை எடுப்பார். கேட்டால் "பழக்கம்" என்பார்.

பன்னிரண்டாம் நாள் மலை உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஸ்டியரிங்கைத் திருப்பியபடியே சொன்னார். "வீட்டை வித்துடலாம்னு இருக்கேன். இனிமே இந்த வண்டிதான் நமக்கு வீடு. தரகர்கிட்ட பேசியாச்சு. அவர் நாளைக்குக் காலைல பேப்பரோட கீழ டவுனுக்கு வராரு, ஒரு கையெழுத்து போட்டுடு."

"என்னைக் கேக்கவே இல்லையே."

"இப்பதான் கேக்கறேன்ல."

அது மாடியில் இரண்டே அறை உள்ள வீடு. மழை பெய்தால் படிக்கட்டு வழுக்கும். ஆனால் தரை ஆடாது. இருபத்தாறு வருஷம் ஆடுகிற தரையில் கால் கடுக்க நின்று முட்டி தேய்ந்தவளுக்கு, ஒரே இடத்தில் நிற்கிற ஓர் அடுப்பைத் தவிர வேறு ஆசை இல்லை. சொல்லத்தான் வாய் வரவில்லை. பஸ்ஸில் நூறு பேரை அதட்டிய வாய், இந்த ஒரு மனுஷன் முன்னால் பூட்டிக்கொள்ளும். என்ன வாயோ!

உச்சியில் மலை ரயில் ஸ்டேஷன் இருந்தது. கீழே டவுன் வரைக்கும் இரண்டு மணி நேரப் பயணம். அதற்கு இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தவர், ரயிலைப் பார்த்ததும் முரண்டு பிடித்தார். "இன்னொருத்தன் ஓட்டற வண்டில நான் உக்கார மாட்டேன். நீ போ. ரோடு வழியா ஒரு மணி நேரம்தான், நான் முன்னாடியே போய் ஸ்டேஷன் வாசல்ல நிக்கறேன்." அதற்குள் ரயில் கூவிவிட, அவள் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கெட் பரிசோதகர் வந்து கை நீட்ட, பழக்கதோஷத்தில் இவளும் கையை நீட்டினாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பாலம் வந்தது, பள்ளத்தாக்கில் மேகம் கிடந்தது, குழந்தைகள் கத்தினார்கள். குகைக்குள் ரயில் நுழைந்து இருட்டானபோதெல்லாம் நாளைய கையெழுத்து நினைவுக்கு வந்தது. வெளியே வந்தால் கீழே வளைந்து போகிற ரோட்டில் அந்த வெள்ளைக் கூரையைக் கண் தேடியது. காணோமே என்று கவலைப்பட்டாள். கவலைப்படுகிறோமே என்று தன்மேலேயே எரிந்து விழுந்தாள்.

ஸ்டேஷன் வாசலிலும் வண்டி இல்லை. போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"மேலதான்."

"வண்டிக்கு என்ன ஆச்சு?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. நீ ரைட் குடுக்காம ஓடிட்ட. மூணு தடவை ஸ்டார்ட் பண்ணிட்டேன். கியர் போட கை வர மாட்டேங்குது. சிரிக்காத."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாகத் தான்தான் இவரிடம் மாட்டிக்கொண்டதாக நினைத்திருந்தாள். அங்கே அவரும் அல்லவா மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாவமாக இருந்தது. அப்படியானால் சாகும்வரை தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதானா என்று ஆத்திரமாகவும் இருந்தது.

"போன்லயே குடேன்" என்றார்.

"குடுக்கறேன். ஆனா நாளைக்குக் கையெழுத்து போட மாட்டேன். எனக்கு வீடு வேணும். வருஷத்துல ஒரு மாசம் உங்ககூட வண்டில வரேன். மத்த நாள் எனக்குத் தரை ஆடக் கூடாது."

போனுக்குள் அவர் இன்ஜினை ஒருமுறை உறுமவிட்டார்.

"இருட்டறதுக்குள்ள இறங்கணும், ரைட் குடு."

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்ல, டிரைவர்."

பஸ்ஸில் வேலை நேரத்தில் மட்டும்தான் அவரை அப்படிக் கூப்பிடுவாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"சரி, விக்கல. தரகர்கிட்ட நானே சொல்லிடறேன். இப்பவாவது குடு."

"இருங்க."

போனை வைக்காமலே கையில் பிடித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய் ஒரு டீ சொன்னாள். பெஞ்சில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள். பாதி டம்ளரில் போனுக்குள் ஹாரன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. டம்ளரின் அடியில் கரையாத சர்க்கரை தங்கியிருந்தது. இத்தனை வருஷமாக அது அவளுக்குத் தெரியாது. அதையும் குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, போனின் முதுகில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.