பனிக்குள் நின்ற பிள்ளை

ஆட்டிசம் உள்ள என் பதினாறு வயது மகள் செல்வி, "நான் பொண்ணு இல்லம்மா, கதிர்னு கூப்புடு" என்று ஆறு மாதமாகச் சொல்லியும் நான் காதில் வாங்கவில்லை.

மலையில் சாமை அறுத்த அன்று பனிமூட்டம் இறங்கியது. பக்கத்தில் நின்ற பிள்ளையைக் காணோம். கீழே பாறைச்சரிவு. "செல்வி!" என்று நானும் அவள் அப்பாவும் தொண்டை வற்றக் கத்தினோம். எதிர்ப்பாறை மட்டும், செத்தவரைக் கூப்பிடுவதுபோல, அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது.

பயத்தில், "கதிரு!" என்றேன்.

"இன்னாம்மா?" பத்தடி தள்ளிப் பனிக்குள்ளிருந்து அமைதியாகக் குரல் வந்தது.

"இவ்ளோ நேரம் கூப்ட்டமே, காதுல வுழல?"

"வுழுந்துச்சு. நீ என்னக் கூப்புடலியே."

இப்போது எங்களுக்கு அவன் கதிர்தான். எது சொன்னாலும் முதல் தடவையே காது கொடுக்கிறேன். அந்த எதிர்ப்பாறையைத் தாண்டும்போது மட்டும், பழைய பெயரை அது இன்னும் வைத்திருந்து திருப்பிச் சொல்லிவிடுமோ என்று வாயைத் திறப்பதில்லை.