துடக்கு என்று சொன்னது என் பிழை

பெருந்தொற்றின் முதல் குளிர்காலம். செயின்ட்-மிஷேலில் எங்கள் மேல்மாடியில் தனியாக இருந்தவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு நோய் வந்துவிட்டது. அவருக்கும் எங்களுக்கும் ஒரே வாசல், ஒரே படிக்கட்டு. என் கணவருக்கோ சிறுநீரகம் மாற்றி இரண்டு வருடம். சாதாரணத் தடிமன், சளியே அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். தனித்திருக்கச் சொல்லி அண்ணைக்கு வந்த தாள் பிரெஞ்சில் இருந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பால் வாங்க, குப்பை போட என்று படியிறங்கிக்கொண்டே இருந்தார்.

கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்து, குழந்தைகளோடு மல்லுக்கட்டிப் பிரெஞ்சு பழகியவள் நான். தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, வாசித்துவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணை, பத்து நாளைக்கு இது துடக்கு மாதிரி. ஒருத்தரிட்டையும் போகாதேங்கோ.”

“ஓம் ஓம், விளங்கிட்டுது தங்கச்சி.”

துடக்கு என்றால் தீட்டு; தீட்டு வீட்டார் மற்றவரிடம் போகமாட்டார்கள். ஒரே சொல்லில் முடித்துவிட்டேனே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மத்தியானம் படியில் தடதடவென்று காலடிச் சத்தம். கதவுத் துவாரத்தால் பார்த்தால் அண்ணையின் தம்பி குடும்பம், கையில் சோற்றுச் சட்டியோடு! போனில் பாய்ந்தேன்.

“என்ர தம்பியாக்கள் பிறத்தி ஆக்களே? அவைக்கும் அதே துடக்குத்தானே!” என்று அண்ணை எனக்குப் பாடம் நடத்தினார்.

அவர் சொன்னது சரி. செத்தவீட்டுத் துடக்கில் இரத்த உறவுகள் சேர்ந்துதான் இருப்பார்கள், சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். நோய்க்கு நானே பந்தி வைத்திருக்கிறேன்! என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் சரியான சொல் வாயில் வந்தது.

“அண்ணை, துடக்கை விடுங்கோ. இது அம்மாள் வருத்தம் மாதிரி!”

ஊரில் அம்மை கண்டால் தனி அறை, தனிப் பாய், தனிக் கோப்பை. கூடப் பிறந்தவனும் வாசலோடு நிற்க வேண்டியதுதான். அதை அவருக்கு எந்தத் தாளும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ஐயோ, அதை முதலே சொல்லியிருக்கலாமே!”

அடுத்த நிமிடம் அவர் தம்பியைத் துரத்துகிற சத்தம் கேட்டது. நான் குசினிக்குள் அடுப்பருகே நின்று துள்ளினேன். தெரிந்த வீடுகளுக்கெல்லாம் அந்தச் சொல்லையே குரல் பதிவாக அனுப்பினேன், மூச்சு வாங்க வாங்க.

எட்டாம் நாள் அண்ணையே போன் எடுத்தார்.

“தங்கச்சி, காய்ச்சல் விட்டிட்டுது. எப்ப தலைக்குத் தண்ணி வாக்கலாம்?”

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரை எங்கள் ஆட்கள் வாசல் தாண்டுவதில்லை. நான் நாள் எண்ணிப் பார்த்தேன்.

“இன்னும் ரெண்டு நாள், அண்ணை.”

“அப்ப ரெண்டு நாளும் படி இறங்கமாட்டன். உம்மட அவர் சுகமே?”

“அவருக்கு ஒண்டுமில்லை, அண்ணை,” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.