மாடி போர்ஷனுக்கு வந்த டாக்

போன வாரம் கூரியரில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பார்ப்பது என் பழக்கம். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "மாம்பழமா வாங்கியிருக்கீங்க?" என்றாள். மாம்பழமில்லை, டாக். புது ஸ்பாஞ்சும் பற்றவைத்த ஈயமும் கலந்த ஒரு வாசனை அதற்கு உண்டு. எனக்கு அது மாம்பழத்துக்குக் குறைந்ததில்லை.

டாக் என்றால் என்ன என்று கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரிலும் சிடியிலும் போனிலும் பாட்டு வெறும் எண்களாகத்தான் கிடக்கிறது. அந்த எண்களைக் காதுக்குப் புரிகிற ஓசையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற பெட்டிக்கு டிஏசி என்று பெயர். மூன்று எழுத்தையும் சேர்த்து டாக் என்போம். உங்கள் போனுக்குள்ளேயே பொட்டளவுக்கு ஒன்று இருக்கிறது. நல்ல மனிதர்களுக்கு அது போதும். என்னைப் போன்ற கிறுக்கர்களுக்குத்தான் தனியாக ஒன்று வேண்டியிருக்கிறது.

இந்தப் புதுப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க, பூந்தமல்லி ஃப்ளாட்டில் உட்கார்ந்துகொண்டு இணையத்தில் முகம் தெரியாதவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ஒருவர் இதன் ஓசை தேன் என்கிறார். அடுத்தவர் அதே பெட்டியைத் தகரம் என்கிறார். இருவரும் ஒருவரையொருவர் மரியாதையில்லாமல் திட்டிக்கொள்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சண்டையை நான் நேரில் போட்டவன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் மெஷின் பாகங்களுக்கு டிராயிங் போடும் வேலை. ஏதாவது வாங்க பாடி பக்கம் அனுப்புவார்கள். பஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் அங்கிருந்த ஃபேக்டரியில் பிஸ்கட் வேகிற வாசனை ஜன்னல் வழியாக வந்து அடிக்கும். லாரிப் புகை, கிரீஸ், வெயிலில் காய்கிற இரும்பு எல்லாவற்றையும் தாண்டி அந்த வெண்ணெய் வாசனை வரும். பசியில்லாதவனுக்கும் பசிக்கும். வேலைக்கு அனுப்பினால் முகம் சுளிக்காமல் போகிற பையன் என்று மேனேஜர் என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்திருந்தார். பிஸ்கட் விஷயம் அவருக்குத் தெரியாது.

அதே கம்பெனியில் ஆரோக்கியசாமி இருந்தான். திண்டுக்கல் பக்கத்துக்காரன். நானும் அவனும் திருமுல்லைவாயலில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். பேச்சிலர் என்றாலே வாசல் கேட்டைத் திறக்காமல் பேசி அனுப்பிவிடுகிற காலம். எத்தனையோ தெரு அலைந்து கிடைத்த வீடு அது. கீழே ஹவுஸ் ஓனர் தணிகாசலம். ஆவடியில் பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் சம்மட்டி மெஷின்களுக்கு நடுவே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். காது கொஞ்சம் மந்தம். அதனால் அவர் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரை கேட்கும். அவர் மனைவி சரோஜாம்மா அவருக்கும் சேர்த்து மெதுவாகப் பேசுவார். வீடு கொடுக்கும்போது தணிகாசலம் போட்ட நிபந்தனைகள் கறாரானவை. கறி சமைக்கலாம், கும்பல் சேர்க்கக் கூடாது. தண்ணி மோட்டாரைத் தொடக் கூடாது. நாய் பூனை வளர்க்கவே கூடாது.

எங்களிடம் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தது, எலக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பொறுக்கியது. ஸ்பீக்கர் பெட்டிகளை ஆரோக்கியமே பிளைவுட்டில் அறுத்து ஒட்டினான். இரண்டும் சேர்ந்தால் ஒரு பீரோ அளவு. கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு ஒரு வயர். பாட்டு அருமையாகத்தான் வரும். ஆனால் மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் கிர்ர் என்று ஒரு சத்தம் கேட்கும். புல்லாங்குழல் உருகிக்கொண்டிருக்கும்போது குறுக்கே ஒரு எலி ஓடுகிற மாதிரி. அதைத் தொலைக்கத்தான் டாக் வாங்குவது என்று முடிவானது. முடிவு ஒன்று, கருத்து இரண்டு. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மாங்காட்டில் இருந்த ஒரு நண்பர் தன்னிடமிருந்த வெளிநாட்டு டாக்கைக் கேட்டுப் பார்க்கக் கொடுத்தார். கறுப்பாக, பளபளவென்று, ஒரு சோப்பு டப்பா மாதிரி. திருமழிசையில் பவர் சப்ளை செய்து விற்கிற ஒருவர், பொழுதுபோக்காகத் தானே செய்த இன்னொன்றைக் கொடுத்தார். அது இரும்புப் பெட்டி. கனம். மேலே பச்சை விளக்கு. இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றை வாங்கிக்கொள்வது, மற்றதைத் திங்கட்கிழமை திருப்பிவிடுவது என்று ஏற்பாடு. ஆரோக்கியத்துக்குப் பிடித்தது கறுப்புப் பெட்டி. எனக்கு இரும்புப் பெட்டி.

"மாப்ள, ஒன்னோட பெட்டில குரல் போர்வைக்குள்ள இருந்து வருதுடா" என்பான்.

"உன் பெட்டில பாடுறவருக்கு ஜலதோஷம்" என்பேன் நான்.

சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தோம். இரண்டு நாளில் சிரிப்பு நின்றது. அப்புறம் பேச்சு நின்றது. ஒரே அடுப்பில் அவன் டீ போட்டு இறக்கியதும் நான் எனக்குத் தனியாகப் போட்டுக்கொள்வேன். கம்பெனிக்கு ஒரே பஸ்ஸில் போவோம், அவன் முன் வாசல், நான் பின் வாசல். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்று எழுத வேண்டும்தான். உண்மையில் சிரிப்புதான் வருகிறது. ஆனால் அப்போது அவன் வேறு ரூம் தேட ஆரம்பித்துவிட்டான். தனியாக அந்த வாடகை என்னால் முடியாது. அவன் போனால் நானும் போக வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை கடைசியாக ஒரு முறை பேசித் தீர்ப்போம் என்று உட்கார்ந்தோம். பேச்சு சீக்கிரமே கத்தலாகிவிட்டது. "சின்ன டாக்தான்டா அழகு", "பெரிய டாக்தான் காலத்துக்கும் நிக்கும்", "ராத்திரி பூரா சூடா இருக்கும்டா அது", "இருக்கட்டும், ஒரு மூலைல கெடந்துட்டுப் போவுது". இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். தணிகாசலம் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"இன்னா நைனா, ரெண்டு பேரும் நாய் வாங்கப் போறீங்களா? போன வாரமும் காதுல வுழுந்துச்சு. டாக்கு டாக்குன்னு! ஊடு குடுக்கும்போதே சொன்னேனா இல்லியா? அடுத்த மாசம் காலி பண்ணிக்கினு போய்ட்டே இருங்க!"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரு வாரத்தில் முதல் முறையாக, கோபமில்லாமல். ஆரோக்கியம் போய் இரண்டு பெட்டிகளையும் தூக்கி வந்து, ஒரு கையில் ஒன்றாக அவர் முன்னால் நீட்டினான்.

"சார், இதுதான் சார் டாக்."

அவர் கறுப்புப் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதுவா? இது குலைக்குமா?" என்றார். அவர் நிஜமாகவே கேட்டாரா, கிண்டல் செய்தாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. எதற்கு, என்ன என்று விளக்கினேன். எங்கள் சண்டையையும் சொன்னேன். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. "ரெண்டுத்தயும் போட்டுக் காட்டு. நானே சொல்றேன் எது நல்லதுன்னு. ஆனா ஒண்ணு, தெரு ஜனங்க சத்தம்னு வந்து நின்னாங்கன்னா, அப்பவும் காலிதான்."

மறுநாள் ஞாயிறு. மின்வெட்டு மத்தியானம் என்பதால் காலையிலேயே வைத்துக்கொண்டோம். கண்ணால் பார்த்தால் மனசு கட்சி கட்டிவிடும். அதனால் ஆம்ப்ளிஃபயருக்கும் டாக்குகளுக்கும் முன்னால் கொடியில் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டோம். இரண்டிலும் சத்தத்தின் அளவைச் சமமாக வைத்தேன். கொஞ்சம் உரக்கப் பாடுவதுதான் நல்லது என்று காது ஏமாந்துபோகும், அதற்காக. ஆம்ப்ளிஃபயரில் ஒரு திருகு உண்டு. இடது பக்கம் வைத்தால் ஒரு டாக், வலது பக்கம் வைத்தால் இன்னொன்று. பெட்ஷீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைத் திருப்ப எந்தக் கட்சியும் இல்லாத ஒரு ஆள் வேண்டும். சரோஜாம்மா புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ஒண்ணு" என்பார், பாட்டின் ஒரு சரணத்தைப் போடுவோம். நிறுத்துவோம். அவர் திருகைத் திருப்பி "ரெண்டு" என்பார். அதே சரணம் மறுபடியும்.

முதல் பாட்டு முடிந்தது. ஆரோக்கியம் கண்ணை மூடியபடியே, "ஒண்ணுதான். சந்தேகமே இல்ல. ஒண்ணுல வீணை தனியா நிக்குது. ரெண்டு குழைஞ்சு போச்சு" என்றான்.

"உனக்குக் காதா, கத்தரிக்காயா?" என்றேன். "ரெண்டுல பாடுற அம்மா மூச்சு இழுக்கிறது கேக்குதுடா. ஒண்ணுல எங்க கேட்டுச்சு?"

தணிகாசலம் மோவாயைச் சொறிந்தார். "எனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான்ப்பா கீது."

ஆரோக்கியம் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பாவம், வருஷக்கணக்காகச் சம்மட்டிச் சத்தத்தில் நின்ற காது, அதற்கு என்ன தெரியும் என்று இருவர் கண்ணும் சேர்ந்து சொன்னது. ஒரு விஷயத்திலாவது எங்களுக்குள் ஒற்றுமை வந்தது.

இரண்டாவது பாட்டு. மூன்றாவது பாட்டு. ஆரோக்கியத்துக்கு ஒன்று மேலும் மேலும் தெளிவாகிக்கொண்டே போனது. எனக்கு இரண்டு தேனாகிக்கொண்டே போனது. தணிகாசலம் மட்டும் ஒவ்வொரு முறையும், "அதே பாட்டு, அதே ராகம், அதே சத்தம். இன்னாப்பா வித்தியாசம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் அவருக்குப் புரிய வைக்க முயன்றோம். ஆரோக்கியம் கையை விரித்து மேடையை வரைந்து காட்டினான், வீணை இங்கே, தபேலா அங்கே என்று. அவர் அந்த இடங்களை உற்றுப் பார்த்தார். வெறும் தரை தவிர அங்கே ஒன்றும் இல்லை.

கடைசியில் நான் எழுந்து பெட்ஷீட்டை விலக்கினேன். "சரோஜாம்மா, சொல்லுங்க. ஒண்ணு எது, ரெண்டு எது?"

சரோஜாம்மா சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கண் ஈரமாக இருந்தது. திருகு இடது பக்கத்தில் இருந்தது.

"எந்த எதுப்பா?" என்றார்.

"நீங்க திருப்புனீங்களே..."

"நான் எங்கப்பா திருப்புனேன்? மொத தபா தொட்டப்போ சுர்ருன்னு இன்னாவோ சத்தம் வந்துச்சு. கரண்டு கிரண்டு அடிச்சுடப் போவுதுன்னு கைய எடுத்துட்டேன். அப்பால பாட்டு வேற ரொம்ப நல்லா இருந்துச்சா, வாயால மட்டும் ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லிகினே கேட்டுகினு கீறேன்."

அப்படியானால் மூன்று பாட்டும் ஒரே பெட்டியில்தான் ஓடியிருந்தது. தணிகாசலம் சிரித்தார் பாருங்கள். மனிதர் தரையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "என் காதப் பாத்து ரெண்டு பேரும் கண்ணடிச்சீங்களே! இப்ப சொல்லு நைனா, வீணை எங்க நிக்குது?" எதிர்வீட்டு பால்கனியில் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். தெருவுக்குக் கேட்ட சத்தம் எங்கள் பாட்டு அல்ல, அவர் சிரிப்பு. ஆரோக்கியம் முதலில் முகத்தை உர்ரென்று வைத்திருந்தான். அப்புறம் பெட்ஷீட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு குலுங்கினான். நான் அவன் முதுகில் ஒரு அடி வைத்தேன். அவ்வளவுதான், ஒரு வாரச் சண்டை போன இடம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சண்டை தலைகீழாகத் திரும்பியது. "ஒன்னோட பெட்டியே இருக்கட்டும் மாப்ள" என்கிறான் அவன். "சே, உன்னோடதே வாங்குவோம்டா" என்கிறேன் நான். சரோஜாம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அந்த பச்ச லைட்டு பொட்டிய வெச்சுக்கோங்க. பாக்கறதுக்கு நம்ம ஊட்டு சாமான் மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு, சாம்பாருக்குத் தாளிக்கக் கீழே போனார். தீர்ப்பு அதுதான். அதன் மேல் அப்பீல் இல்லை. மவுஸை எத்தனை நகர்த்தினாலும் கிர்ர் வரவில்லை என்பதை மறுநாள்தான் கவனித்தோம். வாங்கியதற்கு உண்மையான காரணம் அதுதான் என்பதே மறந்து போயிருந்தது.

வீடு காலி செய்யும் பேச்சு மறுபடி வரவில்லை. மாறாக, ஞாயிறு காலையானால் கீழிருந்து, "நைனா, கச்சேரி இன்னிக்குக் கீதா?" என்று குரல் வரும். சரோஜாம்மா தட்டு நிறைய அடை கொண்டு வருவார். எதிர்வீட்டு பால்கனிக்காரரும் ஒருநாள், சத்தம் என்று சண்டை போட வருகிறார் என்று பயந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பழைய பாட்டு ஒன்று ஓடினால் தணிகாசலம் அந்தக் காலத்தில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்ததைச் சொல்வார். பாட்டின் நடுவில்தான் சொல்வார், அதுவும் உரக்க. நாங்கள் ஒரு வரியும் ஒழுங்காகக் கேட்டதில்லை. அவ்வளவு நன்றாக நான் பாட்டுக் கேட்டதும் இல்லை.

ஆரோக்கியம் கல்யாணமாகி கோயம்புத்தூர் போனான். நானும் கல்யாணமாகி பூந்தமல்லிக்கு வந்தேன். அந்த பீரோ ஸ்பீக்கர்களைத் தூக்கிப் போக இருவருக்கும் வழியில்லை. கீழ்வீட்டிலேயே விட்டுவிட்டோம். பின்னால் அந்த இடம் இடிக்கப்பட்டு ஃப்ளாட் ஆனது. தணிகாசலமும் சரோஜாம்மாவும் அதிலேயே மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். பொங்கலுக்குப் போயிருந்தேன். சோபாவில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, நடுவில் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போன் தகரமாகக் கத்தியது. "இது போதும்ப்பா எங்களுக்கு" என்றார் சரோஜாம்மா. இருவரும் நன்றாகவே இருக்கிறார்கள். திரும்பும்போது அந்த ஃப்ளாட் லிஃப்டில் என்னோடு ஏறிய நால்வர் காதிலும் ஆளுக்கொரு வெள்ளைக் குமிழ், ஆளுக்கொரு பாட்டு. நல்ல டாக்காகத்தான் இருக்கும், குறை சொல்லவில்லை. ஒரு பாட்டை நாலு பேர் கேட்டு, அதில் நாலு பேரும் நாலு விதமாகச் சண்டை போட்டு, அடை ஆறுவதற்குள் சமாதானமாகிற அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இப்போது எந்த மாடியிலும் இல்லை.