புள்ளிக்குப் பின்னால் இரண்டு இடம்

ரோஸ்லின் மேடம் இறந்துவிட்டார்...  இப்போதுதான் சங்க குரூப்பில் வந்தது.

நானே வாசித்தேன்.  நம்ப முடியாமல் இரண்டாவது தடவையும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.  அதே பெயர்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.  எங்கள் மீனவர் சங்க ஆபீசில் டைப் அடித்தவர்.  காற்று, மழை, கடலுக்குப் போகலாமா கூடாதா... எல்லா மெசேஜும் அவர் போடுவதுதான்.

அறுபத்தேழு வயதில் எழுத்து படித்தேன்.  முதலில் முழுதாக வாசித்தது மேடம் போட்ட "நாளை ஐஸ் பேக்டரி லீவு."  அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன், ஐஸ் வாங்காத வீட்டிலும்.

மேடம் டைப்ரைட்டிங் மெஷினில் பழகிய ஆள்.  புள்ளி வைத்தால் ஸ்பேஸ் கட்டையை இரண்டு தட்டு தட்டுவார்.  போன் வந்த பிறகும் அதே பழக்கம்.

செக்ரெட்டரி சேவியருக்கு அது பிடிக்காது.  "இப்பம் யாரு மேடம் ரெண்டு இடம் விடுதா?  நடுவுல லாரியே போவும் போலுக்கே."

"லாரி எதுக்கு அண்ணாச்சி?  ஒரு வள்ளம் போனாப் போதும்."

எனக்கு அந்த இடம் வேண்டும்.  கண்ணில் புரை.  எழுத்தைப் பெரிதாக வைத்தாலும் புள்ளி தெரியாது... இடம் தெரியும்.  அங்கே மூச்சு விட்டு அடுத்ததைப் பிடிப்பேன்.

போன வருடம் ஒரு நாள் மேடம் காய்ச்சலில் படுத்திருந்தார்.  மெசேஜை செக்ரெட்டரியே போட்டார்.

பத்து மணி இருக்கும்.  கடலில் இருந்து மருமகன் அந்தோணி கூப்பிட்டான்.  அவனிடம் பட்டன் போன்தான்.

"மாமா, வானம் ஒரு மாதிரி இருக்கு, பாதி வழி திரும்பி வந்துட்டேன்.  மெசேஜ் ஏதோ போட்டிருக்காவளாம்லா?  என்ன போட்டிருக்கு?"

சந்தோஷமாகப் போனை எடுத்து வாசித்தேன்.  அதில் இருந்தது இதுதான்.

"மீனவர் கவனத்திற்கு.படகுகள் திரும்பவும்.கடலுக்குப் போகலாம் என்று சங்கம் சொல்லும் வரை காத்திருக்கவும்."

நான் வாசித்தது... "படகுகள் திரும்பவும் கடலுக்குப் போகலாம்."  அதற்கு மேல் வாசிக்கவில்லை.

"திரும்பவும் போலாம்னு போட்டிருக்கு மாப்ள.  தைரியமாப் போ."

போனான்.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வள்ளமாகக் கரைக்கு வந்தது.  ஒன்றுகூட வெளியே போகவில்லை.  காற்றில் மணல் முகத்தில் அடித்தது.

மேடத்தைக் கூப்பிட்டேன்.  வாசிக்கச் சொன்னார்.  வாசித்தேன்.

"அண்ணாச்சி, 'திரும்பவும்' பக்கத்துல புள்ளி இருக்கா பாருங்க."

போனை மூக்கில் ஒட்டி வைத்துப் பார்த்தேன்.  இருந்தது...

"அப்பம் அது மறுபடியும்னு அர்த்தம் இல்ல.  கரைக்கு வரச் சொல்லுதாவ!  மாப்பிள்ளையக் கூப்பிடுங்க, சீக்கிரம்!"

கூப்பிட்டேன்.  எல்லைக்கு வெளியே என்றது போன்.  மறுபடி.  மறுபடி.  பக்கத்தில் என் மகள் நின்றாள்.  அவள் பக்கம் திரும்பாமல் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

மேடம் காய்ச்சலோடு ஆட்டோ பிடித்து சங்கத்துக்கு வந்துவிட்டார்.  வயர்லெஸ்ஸைப் பிடித்து, அந்தோணி பெயரையும் வள்ளத்தின் நம்பரையும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது.  கடைசியாகக் கரைக்கு வந்துகொண்டிருந்த ஒரு விசைப்படகுக்குக் கேட்டது.  அவர்கள் திரும்பிப் போய், அவன் கண்ணில் படும்வரை சிவப்புத் துணியை வீசினார்கள்.

மூன்று மணிக்கு வந்தான்.  வள்ளத்தில் முழங்கால் தண்ணீர்.  வலை போயிருந்தது.

கரையில் இறங்கி என்னைப் பார்த்தான்.  "நல்லா வாசிச்சிய மாமா."

மேடம் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.  செக்ரெட்டரியிடம்தான் பாய்ந்தார்.  "ரெண்டு இடம் விட்டா உம்ம விரலு தேஞ்சா போவும்?"

நான் இனி வாசிக்கவே மாட்டேன் என்றேன்.  "வாசிங்க அண்ணாச்சி.  கடைசி வரைக்கும் வாசிங்க" என்றார்.

காலையில் தொடங்கிய பதிவு...  ஒரு விரலில் அடிக்கிறேன், மத்தியானம் தாண்டிவிட்டது.

நாலு மணிக்கு அடக்கம்.  அந்தோணி இன்று கடலுக்குப் போகவில்லை.  பெட்டியைத் தூக்குவதற்கு வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நிற்கிறான்.

"மாமா, எழுதுனது போதும்.  வாங்க" என்கிறான்.

வருகிறேன் மேடம்.