தண்டவாளத்துக்கு இரண்டு லைன்

இருதயசாமி முப்பத்துமூன்று வருடம் சுரங்கத்தில் பம்பு எலக்ட்ரீஷியனாக இருந்தவர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. பம்பு நின்றால் சுரங்கம் முழுகிவிடும். அதனால் அவர் பார்த்த பம்புகளுக்கெல்லாம் இரண்டு லைன் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று. ஸ்டாண்ட்பை லைனைக் கழற்றிப் போட்டவனை அவர் தன் ஷிப்டில் சேர்த்துக்கொண்டதே இல்லை.

ஓய்வு பெற்றாயிற்று. மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மந்தாரக்குப்பத்தில் பார்த்திருக்கும் வாடகை வீட்டில், முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிளைவுட் மேசைக்கு இடமில்லை. மேசைமேல் இருப்பது ஆல்பினின் ரயில்.

ஆல்பின் ஒரே பிள்ளை. போன ஐப்பசி மழையில், வடலூர் ரோட்டில் வண்டி சறுக்கி லாரிக்கு அடியில் போய்விட்டான். இருபத்தேழு வயது. சவப்பெட்டி வருவதற்குள் மனைவி மேரிசெல்வியின் அண்ணன் தனகோடி அந்த மேசையைப் பார்த்து, "கல்யாணம் கட்ற வயசுல பொம்ம ரயிலு வுட்டுகினு இருந்தான். அதுவும் ஓடல" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை மட்டும் இருதயசாமிக்குள் இறங்கித் தங்கிவிட்டது. பொய்யும் இல்லை. ரயிலை டிஜிட்டலுக்கு மாற்றும் வேலையை ஆல்பின் பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தான். பிரித்துப் போடுவதற்குள் அது ஒரு சுற்றாவது ஓட வேண்டும், மகன் போட்ட ஒயரிங் சரிதான் என்று தெரிய வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆல்பினின் நோட்டை வைத்துக்கொண்டு படித்தார். பழைய முறையில் தண்டவாளத்தில் விடும் மின்சாரத்தின் அளவுதான் எஞ்சினின் வேகம். புதிய முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் நிற்கும். எஞ்சினுக்குள் இருக்கும் நகமளவு சிப், தன் நம்பருக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்டு நடக்கும். மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, சிவப்பும் கறுப்புமாக ஒயர்களை இழுத்து, மகன் விட்டுப்போன ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் பற்றவைத்தார். மகனின் பற்றவைப்பு தன்னுடையதைவிடச் சுத்தமாக இருந்ததைப் பார்த்தார்.

ஸ்டேஷன் பக்கத்துத் துண்டுக்கு வந்தபோது பழைய டிரான்ஸ்பார்மர் பெட்டி அங்கேயே தொங்கியது. இதற்காகத்தான் இரண்டு பேரும் கடைசியாகச் சண்டை போட்டார்கள்.

"அத கழட்டிடணும்பா. புதுசும் பழசும் ஒண்ணா சேரக்கூடாது."

"ஸ்டாண்ட்பைய கழட்றவன் எலக்ட்ரீஷியனாடா?"

"இது பம்பு இல்லப்பா. கரண்டு போனா தண்ணியா பொங்கி வந்து அம்மா சமையல்கட்ட முழுவடிக்கப் போவுது?"

அதை நினைத்து மேசைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தார். அப்புறமும் கழற்றவில்லை. கட்டளை அனுப்பும் புதுப் பெட்டி கோளாறானால் அந்த ஒரு துண்டிலாவது எஞ்சின் நகரும் அல்லவா? அதற்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டுப் பிரித்து, அந்தத் துண்டைப் பழைய பெட்டியிலேயே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மேரிசெல்வியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். இரண்டு பெட்டிக்கும் ஸ்விட்சைப் போட்டார். நோட்டில் இருந்த எஞ்சின் நம்பரை அழுத்தினார். எஞ்சினின் விளக்கு எரிந்தது. மெதுவாக நகர்ந்தது. வளைவில் திரும்பி, அட்டைக் குகைக்குள் போய், மறுபக்கம் வெளியே வந்தது. மேரிசெல்வி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

ஸ்டேஷன் வாசலில் முன்சக்கரம் பழைய லைனையும் பின்சக்கரம் புது லைனையும் ஒரே நேரத்தில் தொட்டன. சடக்கென்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றது. அதன் மூடியிலிருந்து நூலாகப் புகை எழுந்தது. சிப் கருகிய நாற்றம் என்னவென்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"ஏங்க, புள்ள தப்பா போட்டுட்டானா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். கேள்வி கேட்க இனி யாரும் வரப்போவதில்லை.

"அவன் போட்ட வரைக்கும் ஓடிச்சே, பாத்தியே. நான்தான் பழச வுட்டுவச்சேன். கழட்டச் சொன்னான்."

"எப்ப?"

"போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

மேரிசெல்வி எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவர் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்:

"எங்கண்ணனுக்குப் போன் போடுங்க. எம்புள்ள போட்டது ஓடிச்சு, நான்தான் கெடுத்தேன்னு உங்க வாயாலயே சொல்லுங்க."

"மேரி, இப்ப போயி..."

"இப்பவே."

போட்டார். "சொல்லுங்க மச்சான்" என்றார் தனகோடி. இருதயசாமி தனக்குத் தெரிந்த ஒரே வழியில், ஷிப்ட் முடிவில் பிரேக்டவுன் ரிப்போர்ட் கொடுப்பதைப் போல, ஆரம்பித்தார்:

"பத்து நாப்பதுக்கு வண்டிய எடுத்தோம்..."