அண்ணை கண்ட சுருள்

காங்கேசன்துறையில் கப்பலை விட்டு இறங்கியபோது கொழும்பிலிருந்து எனக்கு மிஞ்சியது உடுத்திருந்த சட்டையும் தலையில் இருந்த சுருளும்தான். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குக் கொஞ்ச நாள் முன்புதான் அண்ணை என்னை ஒரு சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தலைமயிரை மருந்தால் சுருட்டிப் பேர்ம் பண்ணுவித்திருந்தார். மருந்து நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். வெளியே வந்த என்னைக் கண்டதும், "ஊருக்குப் போனால் அம்மா உன்னை ஆரெண்டு கேக்கப் போறா" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

கலவரத்தன்று வேலைக்குப் போனவர் அகதி முகாமுக்கு வரவில்லை. ஊருக்கும் வரவில்லை. செத்துப்போனார் என்று சொல்லவும் ஆளில்லை.

வட்டுக்கோட்டை வீட்டில் நானும் அம்மாவும்தான். என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. கொழும்புக் கோச்சி ரயிலில் வந்தவர்களைக் காலை பஸ் எங்கள் ஒழுங்கைத் தெரு முகப்பில் இறக்கும் நேரத்தில் வாசல் படலைக்கும் கிணற்றடிக்குமாக நடப்பேன். போட்ட தேத்தண்ணி ஆறிப்போகும். "ஏன் பிள்ளை உப்பிடிச் சுத்துறாய், ஒரு இடத்திலை இரன்" என்று அம்மா ஏசுவார். உட்கார்ந்தாலும் கை சும்மா இராது, தலைமயிரை நோண்டும்.

நோண்டியதில்தான் கண்டுபிடித்தேன். மாதங்கள் போக அடியில் நேர்மயிர் வளர்ந்து சுருளைக் கீழே தள்ளியிருந்தது. நேரும் சுருளும் சந்திக்கிற இடத்தில் மயிர் இற்றுப்போய், தொட்டாலே அறுந்தது. அண்ணை கடைசியாகக் கண்டது இந்தச் சுருளைத்தான். இது முழுக்க அறுந்து விழமுன் அவர் வந்துவிடவேண்டும் என்று எனக்குள் ஒரு விசர் எண்ணம் புகுந்துவிட்டது. அப்படியென்றால் அது அறுந்து விழவே கூடாது.

பெரிய பல்லுச் சீப்பால், நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே போய்ச் சிக்கெடுத்தேன். இறுக்கிப் பின்னுவதை விட்டேன். தலையணையில் அம்மாவின் பழைய பட்டுச்சேலைத் துண்டை விரித்துப் படுத்தேன். அந்த நேரம் பார்த்து லண்டனில் இருந்த சின்னம்மா, சுருளை நேராக்கும் மருந்துப் போத்தல் ஒன்றை ஆரிடமோ கொடுத்தனுப்பினார்.

"உந்த மருந்தைப் பூசு. மேலை ஒரு விதம், கீழை ஒரு விதம், பாக்கச் சகிக்கேல்லை" என்றார் அம்மா.

சீப்பில் வந்த மயிரைச் சுருட்டி எடுத்து, அதில் அந்த மருந்தைப் பூசிப் பார்த்தேன். ஏற்கெனவே ஒரு மருந்து தின்ற மயிர் இரண்டாவதைத் தாங்கவில்லை. இழுத்ததும் கூழாகி விரலில் ஒட்டியது. போத்தலை வேலிக்கரையில் கவிழ்த்தேன்.

இவ்வளவு செய்தும் அறுவது நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்து, வெந்தயமும் தேசிக்காய் என்கிற எலுமிச்சையும் அவித்த அரப்பைத் தேய்த்து, கிணற்றடியில் முழுக வார்ப்பார். பிறகு என்னைக் குனியச் சொல்லி, ஈரத்தலைமயிரை முன்னால் தொங்கவிட்டு, முறுக்கிய துவாய்த்துண்டால் சளார் சளாரென்று அடிப்பார். எங்கள் ஊரில் பெண்கள் தலை உலர்த்துவது அப்படித்தான். சிறுவயது முதல் அடிவாங்கிய தலை, அதைப்பற்றி நான் யோசித்ததே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை குனிந்து நின்றபடி சீமெந்துத் தரையைப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் சுருள் சுருளாக விழுந்துகொண்டிருந்தது. சீப்புக்குப் பயந்து, மருந்துக்குப் பயந்து, கடைசியில் துவாய்க்கு அல்லவா தலையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்!

"நிப்பாட்டுங்கோ அம்மா!"

"ஈரத்தோடை விட்டால் தடிமன் சளி பிடிக்குமடி." மறுபடி ஓங்கினார்.

துவாயைப் பறித்தேன். "அண்ணை கண்ட தலைமயிர் இதுதான்! இதுவும் கொட்டுண்டு போனால் அவர் வந்து என்னத்தைப் பாக்கிறது?"

அம்மா வீட்டுக்குள் போய்விட்டார். அழப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் அண்ணையின் பழைய கைலிச் சாரம் இருந்தது. கடைசி லீவில் வந்தபோது கட்டிவிட்டுக் கழற்றிப் போட்டுப் போனது. அதை அம்மா தோய்க்காமல் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். நான் ஒருநாள் தோய்க்க எடுத்தபோது எனக்குக் கன்னத்தில் அறை விழுந்தது.

"துவாய் முரடு. இது பழஞ்சாரம், மெத்தெண்டிருக்கும். குனி."

"வேண்டாம் அம்மா. அண்ணையின்ரை மணம் போயிடும்."

"பேசாமல் நில்."

அம்மா அடிக்கவில்லை. சாரத்தால் தலைமயிரைச் சுற்றி, உள்ளங்கையால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தார். சாரம் முழுக்க நனைந்து அரப்பு மணம் ஏறியது. ஒழுங்கை முகப்பில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. எனக்குக் கால் துடித்தது, ஆனாலும் அம்மாவின் கைக்குள் நின்றேன். அம்மாதான் படலைப் பக்கம் கழுத்தைத் திருப்பினார். பஸ் போய்விட்டது. ஒருவரும் வரவில்லை.

அம்மா சாரத்தைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டார்.

"வந்தானெண்டால் புதுசு ஒண்டு எடுத்துக் குடுப்பம்" என்றார்.

காய்ந்த பிறகு அதை அவர் தலையணைக்குக் கீழே வைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்கென்று கிணற்றடிக் கொடியிலேயே விட்டுவிட்டார்.